சாவகச்சேரியைத் தாண்டிப் போகட்டும் அந்த வண்டி

மூளைக்குப் போகும் பெரிய நாடி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கோடு கண்டி வீதியைப் பார்த்தால், பாரிசவாதம் வந்த ஒருவரைத் தென்மராட்சியிலிருந்து எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது என்ற முடிவே சிகிச்சையின் முதற்பகுதியாகிவிடுகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீசாலையிலோ கொடிகாமத்திலோ வரணியிலோ ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சுக் குழறினால், அவரை ஏற்றிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் நோயாளர் காவு வண்டி சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை வாசலில் நிற்கக் கூடாது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, நேரே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மூச்சு முட்டுகிறவர், நாடித்துடிப்பு விழுகிறவர், நினைவு முற்றாகத் தப்பியவர் ஆகியோருக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு. இதைச் சாவகச்சேரியில் எழுதுவது எளிதான காரியமில்லை என்று தெரியும். 2024 ஜூலையில் இந்த வைத்தியசாலையின் குறைகளுக்காக மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். எங்கள் வைத்தியசாலைக்கு எல்லாம் வரவேண்டும் என்ற அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. மூளையின் குருதிக்குழாய் நோய் என்ற இந்த ஒரு விடயத்தில் மட்டும் அந்த நியாயத்தை வேறு விதமாகப் பொருத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பாரிசவாதம் இரண்டு வழியில் வருகிறது. நாடிக்குள் குருதிக்கட்டி சிக்கி அடைப்பு ஏற்படலாம். அல்லது குழாய் வெடித்து மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ குருதி கசியலாம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் பெரும்பாலும் ஒன்றுதான். எத்தனை ஆண்டு அனுபவமுள்ள மருத்துவரானாலும் கட்டில் ஓரத்தில் நின்று கைகாலைத் தட்டிப் பார்த்து இது அடைப்பு, இது கசிவு என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. பிரிக்காமல் மருந்து கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியைக் குருதி கசிகிறவருக்குப் போட்டால் அந்த ஊசியே கொன்றுவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் படம் வேண்டும். போர்த்துக்கலின் எகாஸ் மோனிஸ் 1927இல் கழுத்து நாடியில் சாயத்தைச் செலுத்தி ஊடுகதிர்ப்படம் எடுத்ததுதான் உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளைக் காட்டிய முதல் முயற்சி. 1971 ஒக்ரோபரில் இலண்டன் விம்பிள்டனில் இருந்த அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த பிறகு, கத்தியில்லாமல், நாடியில் குத்தாமல், மண்டையோட்டுக்குள் இருப்பதைப் பார்க்க வழி பிறந்தது. அதைத்தான் இன்று சி.ரி. ஸ்கான் என்கிறோம்.

அந்தப் படத்தில் புதிய குருதி வெள்ளையாகத் தெரியும். அதைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. அடைப்பினால் வந்த பாதிப்போ முதல் மணித்தியாலங்களில் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டாது. சாம்பல்நிற மேற்பரப்புக்கும் அதற்குக் கீழுள்ள வெண்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு ஓரிடத்தில் மெல்ல மங்கியிருக்கும். அல்லது ஒரு நாடி மட்டும் மற்றப் பக்கத்தைவிடச் சற்று வெளிறித் தடித்திருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் அது பிடிபடும். அடுத்து கைநரம்பில் சாயம் ஏற்றி மறுபடி படம் எடுத்தால் நாடிகள் மரக்கிளைபோல் விரிந்து தெரியும். அடைபட்ட கிளை பாதியில் அறுந்து நிற்கும். இன்னும் ஒரு படி போய், குருதி எந்தப் பகுதிக்கு எவ்வளவு தாமதமாகப் போகிறது என்று அளந்தால், செத்துப்போன பகுதி எது, பட்டினி கிடந்தும் இன்னும் சாகாத பகுதி எது என்று பிரித்துக் காணலாம். காப்பாற்றக்கூடியது அந்த இரண்டாவது பகுதிதான். நவீனச் சிகிச்சை முழுவதும் அதைக் குறிவைத்தே நடக்கிறது. ஒரு ஸ்கான் இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டடம் கட்டித் திறந்துவைத்தால் வேலை முடிந்துவிடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். விடியற்காலை இரண்டு மணிக்கு அதை இயக்க ஒரு தொழில்நுட்பவியலாளரும், படத்தைச் சில நிமிடங்களில் வாசிக்க ஒரு நிபுணரும், வாசித்த உடனே ஊசி போட ஒரு குழுவும் இல்லாத இடத்தில் அந்த இயந்திரம் நோயாளியைத் தாமதப்படுத்தும் இன்னொரு நிறுத்தமாகிவிடும்.

படம் வந்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதில் கடந்த முப்பது ஆண்டுகள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. அல்ரெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. ஆனால் பெரிய நாடியில் நீளமான கட்டி அடைத்திருந்தால் மருந்து பெரும்பாலும் தோற்றுப்போகும். அங்கேதான் மண்டையோட்டைத் திறக்காத சிகிச்சை வருகிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு துளை; அதன் வழியே மெல்லிய கதீற்றர் பெருநாடி வழியாகக் கழுத்து நாடிக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது; திரையில் ஓடும் ஊடுகதிர்ப்படம் அதற்கு வழிகாட்டுகிறது. நுனியில் மடிந்திருக்கும் கம்பிவலையைக் கட்டிக்குள் விரியவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் கட்டி வலையில் சிக்கிக்கொள்ளும். பிறகு வலையோடு சேர்த்து வெளியே இழுக்கிறார்கள். சில வேளைகளில் உறிஞ்சியே எடுக்கிறார்கள். நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்து 2015இன் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 வீதமானோர் மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்பினார்கள்; கட்டி அகற்றப்பட்டவர்களில் 33 வீதமானோர். அதே ஆண்டில் வேறு நாலு ஆய்வுகள் இதையே உறுதிப்படுத்தின. படம் பார்த்துத் தெரிவுசெய்தால் 24 மணித்தியாலம் வரைகூடச் சிலரைக் காப்பாற்றலாம் என்று 2018இல் அச்சான ஆய்வு ஒன்று காட்டியது. அதில் வித்தியாசம் இன்னும் பெரிது: 13 வீதத்துக்கு எதிராக 49 வீதம்.

வெடிப்புக்கும் இதே பாதை உதவுகிறது. மூளை நாடியில் புடைத்து நிற்கும் ஒரு சிறு குமிழ் வெடித்தால், வாழ்க்கையில் இதுவரை கண்டிராத தலையிடி ஒரே நொடியில் தாக்கும். முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து அதன் கழுத்தில் கிளிப் போடுவார்கள். 1990களில் கதீற்றர் வழியாக மெல்லிய பிளாற்றினக் கம்பிச்சுருளைக் குமிழுக்குள் நிரப்பி அடைக்கும் முறை வந்தது. 2,143 பேரை ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், ஓராண்டின் முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தவர்களாகிப் போனவர்களும் திறந்த சத்திரசிகிச்சைப் பிரிவில் 30.6 வீதம்; சுருள் வைத்த பிரிவில் 23.7 வீதம்.

இவை எல்லாம் தென்மராட்சிக்கு எப்போது பொருள் தரும்? நோயாளி சரியான வாசலுக்குச் சரியான நேரத்தில் போனால் மட்டுமே. சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ 16 கிலோமீற்றர். இரவில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். இடையில் ஒரு வைத்தியசாலையில் இறக்கினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதிவு, பரிசோதனை, குருதியமுக்கம், தொலைபேசி அழைப்பு, கடிதம், இன்னொரு வண்டி, கூடப் போவதற்கு ஒரு தாதி. இதில் யாருடைய அசட்டையும் இல்லை. ஒவ்வொரு படியும் அவசியமானதுதான். ஆனாலும் நேரம் போகிறது. அமெரிக்காவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாரிசவாத நோயாளர்களின் இடமாற்றப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். முதல் வைத்தியசாலைக்குள் நுழைந்ததிலிருந்து அங்கிருந்து வெளியேறும் வரை சென்ற நேரத்தின் இடைநிலை 174 நிமிடம். அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே மூன்று மணித்தியாலம் முதல் வாசலிலேயே கரைந்துபோகிறது. நாலரை மணித்தியாலக் கணக்கில் இது எவ்வளவு பெரிய துண்டு என்று சொல்லத் தேவையில்லை.

1990 சேவை வடக்கில் 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. இந்திய நன்கொடையில் வந்த அந்த வண்டிகள் இன்று பல உயிர்களைக் காக்கின்றன. வழக்கமாக அவை நோயாளியை மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கே கொண்டுபோகும். விபத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் அது நல்ல விதி. பாரிசவாதத்துக்கு மட்டும் அந்த விதிக்கு எழுத்தில் ஒரு விலக்கு வேண்டும். அது ஏன் தானாக வரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. வண்டியோ 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சுவசெரிய மன்றத்தினுடையது. ஒரே நோயாளியின் முதல் ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று பொறுப்பாளர்கள். மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட்டால்தான் சாரதிக்கும் வண்டியிலுள்ள அவசரச் சிகிச்சைப் பணியாளருக்கும் தெளிவான கட்டளை கிடைக்கும்.

இலண்டன், தமிழர்கள் பலர் வாழும் நகரம் என்பதால் அங்கே நடந்ததை இங்கே சொல்வது பொருந்தும். 2010இல் இலண்டன் தன் பாரிசவாதச் சேவையை முழுவதும் மாற்றியது. முப்பது வைத்தியசாலைகள் ஆளுக்கொரு விதமாகப் பார்த்துவந்த நோயாளர்களை எட்டே எட்டுத் தீவிர நிலையங்களுக்கு நேரே கொண்டுபோகச் செய்தார்கள், வழியில் வேறு வைத்தியசாலை இருந்தாலும் நிற்காமல். அதே காலத்தில் மான்செஸ்ரரும் மாற்றம் செய்தது, ஆனால் அரைகுறையாக. நாலு மணித்தியாலத்துக்குள் வந்தவர்களை மட்டும் பெரிய நிலையத்துக்கு அனுப்பி, மற்றவர்களைப் பழையபடி விட்டார்கள். 2014இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஒப்பீடு, நாட்டின் பொதுவான முன்னேற்றத்துக்கு மேலாக இலண்டனில் இறப்புக் குறைந்தது, மான்செஸ்ரரில் குறையவில்லை என்று காட்டியது. இலண்டனில் அப்போது புதிய மருந்தோ புதிய கருவியோ வரவில்லை. வண்டி எங்கே போகவேண்டும் என்பதையும், அது போய்ச் சேரும் இடத்தில் யார் காத்திருக்கவேண்டும் என்பதையும்தான் மாற்றினார்கள். மான்செஸ்ரரிலிருந்து நாங்கள் படிக்கவேண்டியது இன்னொன்று: விலக்குகளை அடுக்கிக்கொண்டு போனால் திட்டம் பலன் தராது.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஸ்பெயினின் கற்றலோனியாவில் 1,401 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, நகரத்துக்கு வெளியே உள்ளவர்களை நேரே பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோவதும் முதலில் உள்ளூர் நிலையத்துக்குக் கொண்டுபோவதும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன என்றது. அப்படியானால் ஏன் தாண்டவேண்டும் என்று கேட்கலாம். அந்த ஆய்வின் உள்ளூர் நிலையங்கள் இரவுபகலாக ஸ்கான் எடுத்து, ஊசி போட்டு, விரைவாக அனுப்பப் பழகியவை. அவற்றில் பல, பெரிய நிலையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தவை. 16 கிலோமீற்றர் தூரத்தை அதனோடு ஒப்பிட முடியாது. ஆனால் அந்த ஆய்வு வன்னிக்கு மிகப் பொருத்தமானது. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மன்னாரும் தொலைவுதான். வவுனியாவுக்குத் தூரம் இன்னும் கூட. அங்கே தாண்டிப்போகும் கொள்கை நோயாளியை வீதியிலேயே சாகவிடும். அவர்களுக்கு மாவட்ட வைத்தியசாலையிலேயே ஸ்கானும் ஊசியும் வேண்டும். படத்தை வாசிக்கும் கண் மட்டும் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் நரம்பியல் நிபுணர் எவரும் இல்லாத மலை மாவட்ட வைத்தியசாலைகளில், பொது மருத்துவர்கள் ஸ்கான் படத்தைக் கைத்தொலைபேசியில் நிபுணருக்கு அனுப்பி, அவர் சொல்லச் சொல்லக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் சொட்டுச்சொட்டாக ஏற்றவேண்டிய அல்ரெப்ளேசுக்குப் பதிலாக, ஒரே தடவையில் ஊசியாகச் செலுத்திவிடக்கூடிய ரெனெக்ரெப்ளேஸ் இப்போது பாரிசவாதத்துக்கும் ஏற்கப்பட்டிருப்பது வன்னி போன்ற இடங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஊசியைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கலாம். ஆக, புதிய ஸ்கான் இயந்திரத்துக்குப் பணம் வந்தால் அது முதலில் போகவேண்டிய இடம் தென்மராட்சி இல்லை என்றே நான் நினைக்கிறேன். இதைச் சொல்ல மனம் கூசுகிறது. ஆனால் தூரக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

அப்போது சாவகச்சேரிக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி வரும். நிறைய இருக்கிறது. இலண்டன் ஏற்பாட்டில் நோயாளி தீவிர நிலையத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்று நாள்தான். பிறகு அவரைத் தன் ஊருக்கு அருகிலுள்ள பாரிசவாதப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியொரு பிரிவு, அதாவது பழகிய தாதியரும் இயன்மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒன்றாக வேலைசெய்யும் ஒரு விடுதி, இறப்பையும் ஊனத்தையும் குறைக்கிறது என்பதற்குப் பல பத்தாண்டுச் சான்று இருக்கிறது. நோயாளி இளையவரா முதியவரா, அடைப்பா கசிவா என்ற பேதமின்றி அது உதவுகிறது. வாயில் தண்ணீர் வைக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, காய்ச்சலையும் சீனியையும் கவனிப்பது, இரண்டாம் நாளே கட்டிலை விட்டு எழுப்பி உட்காரவைப்பது எல்லாம் அங்கே நடக்கும் வேலைகள். குடும்பத்தவர் தினமும் வந்து கையைக் காலை அசைக்கப் பழக, யாழ்ப்பாணத்தைவிடச் சாவகச்சேரிதான் சரியான இடம். இந்த ஊர் மக்கள் கேட்டுப் போராடவேண்டியது இப்படியொரு விடுதிக்காக என்பது என் கருத்து. போதனா வைத்தியசாலையின் கட்டில் நெருக்கடிக்கும் இதுவே விடை, ஏனென்றால் போகும் வழி திறந்திருப்பதுபோலத் திரும்பி வரும் வழியும் திறந்திருந்தால்தான் அங்கே இடம் இருக்கும். நேரே யாழ்ப்பாணம் போவதில் இன்னொரு தயக்கமும் எழலாம்: வாய் கோணலெல்லாம் பாரிசவாதம் இல்லை, வலிப்பும் சீனி குறைவதும் அப்படித் தோன்றலாம் என்பது உண்மைதான். வண்டியிலேயே விரல்நுனிக் குருதியில் சீனியைப் பார்த்தால் அதில் ஒரு பகுதி தெளிந்துவிடும். மிச்சம் சிலர் வீணாக யாழ்ப்பாணம் போனாலும் அது தாங்கக்கூடிய நட்டம்.

பணம் இல்லாத நாட்டில் கம்பிவலையும் பிளாற்றினமும் எதற்கு, 2022இல் பருப்புக்கும் பரசிற்றமோலுக்கும் அலைந்தோமே, குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் பலர். தடுப்பதுதான் பெரிய வேலை என்பதில் அவர்களோடு எனக்கு முரண்பாடே இல்லை. அதற்கான சிறந்த சான்றுகளில் சில இலங்கையிலேயே பிறந்தவை. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு இங்குள்ள 700 பேரிடம் நடந்தது. ஆறு மாதத்தில் குருதியமுக்கம் இலக்குக்குள் வந்தவர்கள் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதம், வழமையான சிகிச்சையில் 55 வீதம் என்று 2018இல் அறிவித்தார்கள். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போனதால் அமுக்கம் இறங்கியதை 2020இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. இவை தென்மராட்சியின் ஒவ்வொரு கிளினிக்குக்கும் வரட்டும். ஆனால் குளிசை ஒழுங்காக எடுத்தவருக்கும் ஒரு நாள் இருதயத்திலிருந்து கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். அவரிடம் தடுப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பெரிய நாடி அடைத்து, கட்டி அகற்றத் தகுதியாகிறவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான் இருப்பார்கள் என்பதும் சரி. மற்ற ஒன்பது பேருக்கும் அதே வண்டி, அதே படம், அதே விடுதிதான் தேவைப்படுகிறது. வண்டி போகும் வாசலை மாற்றப் பெரிய செலவில்லை. கருவிகளுக்குச் செலவுண்டு. நாற்பத்தைந்து வயதில் படுக்கையில் விழுந்த ஒருவரைப் பார்க்க மனைவியோ மகளோ வேலையை விட்டுவிட்டு இருபது ஆண்டு இருப்பதற்கான செலவை யாரும் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதுவதில்லை. அதையும் எழுதிவிட்டு ஒப்பிடட்டும்.

இந்தியாவின் இன்னொரு மாநிலத்தின் அனுபவம் இந்த ஒழுங்கு நம்மைப்போன்ற இடங்களிலும் சாத்தியம் என்று காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2012க்கும் 2014க்கும் இடையே மாரடைப்புக்காக, சிறிய வைத்தியசாலைகளைப் பெரிய மையங்களோடு இணைத்த திட்டம் ஒன்று நடந்தது. 2,420 நோயாளர்களின் கணக்கில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதமாகக் குறைந்தார்கள். அது இருதயம், இது மூளை. ஆனாலும் வாசல், வண்டி, தகவல் என்ற மூன்றும் ஒன்றுதான். இருதய நாடிகளுக்குள் கதீற்றர் செலுத்தும் வேலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை, பல ஆண்டுகளாக நடக்கிறது. மூளை நாடிகளுக்கும் இந்தச் சிகிச்சை எந்த இரவிலும் கிடைக்கும் என்று போதனா வைத்தியசாலை உறுதிசொல்லும் நாளுக்காக நிபுணர்களைப் பயிற்றுவிப்பதும் அவர்களை இங்கேயே தங்கவைப்பதும் அமைச்சின் கடமை. நோயாளர்கள் சிதறி வந்தால் எந்தக் குழுவும் கைப்பழக்கம் பெறாது. அவர்கள் ஒரே வாசலுக்கு வருவது அந்தக் குழு உருவாகவும் காரணமாகும்.

வீட்டிலும் நேரம் போகிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்க, முதியவர்கள் தனியே இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் அதிகம். அம்மாவுக்குக் கை விழுந்துவிட்டது என்று முதலில் கனடாவுக்கு அழைப்புப் போகிறது, அங்கிருந்து ஒரு மருத்துவ நண்பருக்கு, பிறகுதான் 1990. எண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் படுக்கட்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு. கையில் இருக்கும் அஸ்பிரினைக் கொடுப்பது அதைவிட ஆபத்து, ஏனென்றால் அது கசிவாக இருக்கலாம். வாயில் எதுவும் கொடுக்காமல், உடனே அழைத்து, கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதும். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி அதுதான். விடிய எழும்பும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கப்போன நேரத்தைத்தான் எழுதவேண்டும். அதைப் பார்த்து இனிப் பிந்திவிட்டது என்று குடும்பம் கைவிட வேண்டியதில்லை. படம் பார்த்து முடிவுசெய்ய மருத்துவருக்கு இப்போது வழி இருக்கிறது.

இதெல்லாம் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? இலண்டனும் மான்செஸ்ரரும் வேறுபட்டன என்று எங்களால் சொல்ல முடிவது அவர்கள் எண்ணி வைத்ததால்தான். ஒவ்வொரு பாரிசவாத நோயாளிக்கும் ஐந்து நேரங்கள் பதியப்படவேண்டும்: நோய் தொடங்கிய நேரம், 1990க்கு அழைத்த நேரம், வாசலுக்கு வந்த நேரம், ஸ்கான் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம். மூன்று மாதம் கழித்து அவர் தானே எழுந்து நடக்கிறாரா என்பதையும் சேர்க்கவேண்டும். பெயர்களை நீக்கிவிட்டு, மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைப் பொதுவில் வெளியிடட்டும். கொடிகாமத்திலிருந்து வந்தவருக்கு எத்தனை நிமிடம், கிளிநொச்சியிலிருந்து வந்தவருக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்தால், தாண்டிப்போகும் கொள்கை தென்மராட்சிக்குச் சரியா பிழையா என்பதும் ஓராண்டில் தெரிந்துவிடும். பிழை என்று அந்த எண்கள் காட்டினால் வண்டி மறுபடி சாவகச்சேரி வாசலில் நிற்கட்டும்.